மனத்தில் ஒரு குடித்தனம்

மனிதர் ஒருவர் தம் மனத்துக்குள்ளேயே இன்னொருவரைத் தோற்றுவித்து, அவருக்குப் பெயரும் உருவமும் குணமும் வைத்து, நாள் தவறாமல் அவரோடு பேசிப் பழகி, ஒரு கட்டத்தில் அந்த உள்ளாள் தாமாகவே பேசவும் எதிர்த்துப் பேசவும் தொடங்கும்படி வளர்த்துவிடலாம் என்று நம்புவோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். அவ்வாறு வளர்க்கப்படும் மனத்துணைக்குத் 'துல்பா' என்று பெயர். திபெத்தியப் பௌத்தத்தில் புத்தரும் சித்தி பெற்றோரும் தம் ஆற்றலால் எடுக்கும் தோற்றங்களைச் சுட்டிய சொல், மேலைநாடுகளுக்குப் போய்த் திரும்பும் வழியில் இப்பொருளைப் பெற்றுக்கொண்டது. இம்முயற்சிக்கு முதலீடு வேண்டியதில்லை, கருவி வேண்டியதில்லை, பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பல்லாவரம் தொடங்கிக் கூடுவாஞ்சேரி வரை நீண்டு கிடக்கும் தென்சென்னைப் புறநகரில், பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்காமல் ஒருவரைக் குடிவைக்கக்கூடிய இடம் அவரவர் மனம் ஒன்றுதான் என்பதால், இக்கலை தாம்பரம் வட்டாரத்தில் வேரூன்ற எல்லாப் பொருத்தமும் இருக்கிறது.

இருந்தும் தொடங்கியவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுகின்றனர். துல்பா வருவதற்கு முன்பே ஐயம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவதே அதற்குக் காரணம். தெளிவான குரல், அழைக்காமலே வரும் தன்மை, வளர்ப்பவரின் விருப்பத்துக்கு மாறாகப் பேசும் துணிவு, நேரந்தவறாமை என்று துல்பாவுக்குச் சொல்லப்படும் இலக்கணங்கள் அனைத்தும் இந்த ஐயத்துக்கு அப்படியே பொருந்துவது கவனிக்கத்தக்கது. “வேற வேலையே இல்லையா உனக்கு?” என்று அது உள்ளிருந்து கேட்கும்போது, கேட்டது தானா, பிறரா, கற்பனையா என்று எந்தத் தொடக்கநிலையாளரும் தடுமாறுவதில்லை, உடனே நம்பி எழுந்துபோய் விடுகிறார். முறைப்படி பார்த்தால் அவருடைய பயிற்சி வெற்றி பெற்றுவிட்டது என்றும், குடிவந்தவர் எதிர்பார்த்தவர் அல்லர் என்பது ஒன்றே குறை என்றும் கொள்ள வேண்டும். ஐயத்தை விரட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணமே இத்துறையின் முதற்பிழை என்பதும், ஐயம் ஒருபுறம் உட்கார்ந்திருக்க வேலை மறுபுறம் நடக்கலாம் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

துல்பா என்னும் சொல்லை உலகறியச் செய்தவர் அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் (1868–1969) என்னும் பிரெஞ்சுப் பயணி. வெளிநாட்டார் நுழையக் கூடாத லாசா நகருக்குள் 1924இல், தம் 55ஆம் வயதில், பிச்சைக்காரியைப் போல வேடமிட்டு நுழைந்து காட்டிய இந்த அம்மையார், திபெத்தின் மந்திர தந்திரங்கள் பற்றி 1929இல் வெளியிட்ட நூலில் தாம் வளர்த்த துல்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். தெய்வங்களையும் அச்சமூட்டும் உருவங்களையும் தவிர்த்துவிட்டுக் குள்ளமாக, பருமனாக, சூதுவாது தெரியாத சிரித்த முகமுள்ள ஒரு துறவியை அவர் தேர்ந்தெடுத்தார். தனிமையில் அமர்ந்து சில மாதங்கள் முயன்றபின் துறவி உருவாகி, இருப்பிடத்தில் விருந்தாளியைப் போல நடமாடலானார். பயணம் புறப்பட்டபோது அவரும் கூடவே புறப்பட்டார். வெண்ணெய் கொண்டுவந்த இடையர் ஒருவர் கூடாரத்தில் அவரைக் கண்டு உண்மையான லாமா என்றே எண்ணிக்கொண்டார் என்று அம்மையார் குறிப்பிடுகிறார். அதன் பிறகு துறவி கேளாமலே இளைத்தார், முகத்தில் கேலியும் கள்ளமும் குடியேறின, பேச்சுக்குக் கட்டுப்படவில்லை. அவரைக் கலைத்து அனுப்ப ஆறு மாதப் போராட்டம் தேவைப்பட்டது. வைப்பது எளிது, காலிசெய்ய வைப்பது கடினம் என்பது செம்பாக்கம், சேலையூர்ப் பகுதி வீட்டு உரிமையாளர்களுக்குத் திபெத் போகாமலே தெரிந்த செய்தி.

இதில் தாம்பரத்தார் பெருமைப்படவோ வருந்தவோ இடமளிக்கும் உண்மை ஒன்று உண்டு. டேவிட்-நீல் இளமையிலேயே பிரம்மஞான சபையில் சேர்ந்தவர். 1911ஆம் ஆண்டுப் பயணத்தில் புதுச்சேரியில் அரவிந்தரைச் சந்தித்தவர். அதே பயணத்தில் அடையாற்றிலுள்ள அச்சபையின் தலைமையகத்திலும் தங்கியவர். எண்ணம் வலுப்பெற்றால் அதற்குத் தனியுருவம் வாய்க்கும் என்ற கருத்தை, வண்ணப் படங்களோடு கூடிய ஒரு நூலாகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வெளியிட்டவர்கள் அச்சபையின் தூண்களான அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் ஆவர். இன்று மேலைநாடுகளில் வழங்கும் துல்பாக் கருத்து திபெத்திய மடங்களைவிடப் பிரம்மஞானிகளிடமே மிகுதியும் கடன்பட்டது என்று சமய ஆய்வாளர்களான நடாஷா மிக்கிள்ஸும் ஜோசப் லேகாக்கும் 2015இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவ முயன்றனர். அவர்கள் சொல்வதை ஏற்றால், பனிமலைக் குகையையும் யாக் எருமையையும் மனக்கண்ணில் கொண்டுவர முடியாமல் திணறும் தாம்பரத்துத் தொடக்கநிலையாளர், வேளச்சேரி வழியாகப் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய அடையாற்று ஆலமரத்தடிச் சமாசாரத்துக்காகத்தான் அவ்வளவு குளிரையும் கற்பனை செய்து நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

மனத்துக்குள் ஒன்றைப் படிப்படியாக உருவாக்கி முடித்தவர் பற்றிய மிக விரிவான பதிவு தமிழில் டேவிட்-நீலின் நூலுக்குச் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பதும், எழுதியவர் பல்லாவரத்தை அடுத்த குன்றத்தூர்க்காரர் என்பதும் இவ்வட்டாரத்துக்கு உரிய தனிச்சிறப்பு. அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக விளங்கிய சேக்கிழார், பெரியபுராணத்தில் பூசலார் நாயனார் வரலாற்றைச் சொல்லும் முறை, பக்தி ஒருபுறம் இருக்க, கட்டட மேற்பார்வைக்கும் ஒரு பாடமாகும். திருநின்றவூர் அந்தணரான பூசலாருக்குச் சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க ஆசை, கையில் காசில்லை, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்தவர், கண்ணை மூடியவுடன் கலசத்தோடு கூடிய கோபுரம் தெரிய வேண்டும் என்று அவசரப்படவில்லை. முதலில் பொருள் சேர்த்தார், பிறகு தச்சர்களைச் சேர்த்தார், நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் எடுத்தார், இரவிலும் உறங்காமல் வேலை பார்த்தார், அடிநிலையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக எழுப்பிச் சிகரம் வரை கொண்டுபோனார், சுதைவேலை முடித்தார், கிணறு வெட்டினார், மதில் எடுத்தார், குளமும் தோண்டினார். அதன் பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். பொதுப்பணித் துறையில் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில், செய்து முடித்த வேலையை மட்டும் வரிசைப்படி பதிந்துகொண்டு போகும் பழக்கமுடைய ஒருவர்தான் மனக்கோயிலையும் இப்படி எழுத முடியும். சேக்கிழார் அமைச்சுப் பணியில் இருந்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது.

மனக்கோயில் என்றால் எந்த வேலையையும் விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. குளம் தோண்டாமலே தோண்டியதாக எழுதிக்கொள்ளவும் வசதி உண்டு. அப்படியிருந்தும் பூசலார் கிணற்றைக்கூட விடவில்லை என்பது தொடக்கநிலையாளர் ஆழ்ந்து நோக்க வேண்டிய இடம். “கோயில் வந்துவிட்டதா?” என்ற கேள்வி எழும்போதெல்லாம் அவருக்குச் செய்வதற்கு இன்னொரு வேலை பாக்கியிருந்தது, தச்சருக்கு மறுநாள் என்ன சொல்வது என்று யோசிப்பவருக்குத் தச்சர் உண்மையில் இருக்கிறாரா என்று யோசிக்க நேரமிருப்பதில்லை. துல்பா வளர்ப்போர் இதைக் கடைப்பிடிக்கலாம். “இன்று பேசுமா?” என்று காத்திருப்பதைக் காட்டிலும், இன்று அதன் கைவிரல் நகம் வெட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது பயனுள்ள வேலை, நாளைக்குச் செருப்பு, மறுநாள் நடை, அதற்கடுத்த நாள் கோபம் வந்தால் முதலில் சிவப்பது காதா மூக்கா என்பது. இப்படி ஒரு வேலைப்பட்டியல் கையிலிருப்பவரை ஐயம் வந்து பார்க்கும். பார்த்துவிட்டு, ஆள் வேலையாக இருக்கிறார் என்று திண்ணையில் காத்திருக்கும்.

இல்லாததை இருப்பதாகப் பார்க்கும் பயிற்சி இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. ஊரப்பாக்கத்திலோ மண்ணிவாக்கத்திலோ கட்டப்படவிருக்கும் அடுக்ககத்தில் வீடு பதிவு செய்த ஒருவர், தூண்கூட எழும்பாத புதர்க்காட்டின் நடுவே நின்று, “இதான் ஹாலு, இது பூஜை ரூமு, இங்க வாஷிங் மெஷின் வருது, பால்கனியிலேர்ந்து ஏரி தெரியும்” என்று மைத்துனருக்குக் காற்றைச் சுட்டிக் காட்டுவதும், மைத்துனர் வாஸ்துப்படி அந்தக் காற்றைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கலாம் என்று கருத்துரைப்பதும், வங்கி அந்தக் காற்றுக்கு ப்ரீ-இ.எம்.ஐ. என்ற பெயரில் மாதந்தோறும் வட்டி பிடிப்பதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் காணும் காட்சி. பத்திரம் பதிந்து சாவி வாங்கும் நாள் வரை ஆண்டுக்கணக்கில் அவ்வீட்டுக்குள் மனத்தளவில் வாழ்ந்து, திரைச்சீலையின் நிறம் பற்றி மனைவியோடு உண்மையாகவே சண்டையும் போட்டவருக்கு, ஒரு சிறு துல்பாவின் இருப்பில் மட்டும் ஐயம் வருவது முறையாகாது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை வரும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படும் மெட்ரோ ரயிலை நம்பி மனை வாங்கியவர்களைப் பற்றியோ சொல்ல வேண்டியதே இல்லை. அவர்கள் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

பூசலார் வரலாற்றின் பிற்பகுதி, ஐயத்தைப் பிறர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று. பூசலார் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் காஞ்சியில் தாம் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த காடவர் மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்கு நாளை புகவிருப்பதால் உன் விழாவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலே அக்கற்றளி என்பது மரபான கருத்து. மன்னன் நின்றவூருக்கு வந்து பூசலாரின் கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்டபோது, அப்படிக் கோயில் எதுவும் இங்கே இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது முழு உண்மை. அத்தனை காலமும் பூசலார் ஊரார் ஒருவரையும் அழைத்துவந்து கட்டுமானத்தைக் காட்டவில்லை என்பதும் அதிலிருந்து புலனாகிறது. மூன்றாம் வாரத்தில் யாரிடமாவது சொல்லியிருந்தால், மதில் எழும்புவதற்குள் “இதெல்லாம் எதுக்குங்க, பேசாம ஒரு நல்ல வேலையப் பாருங்க” என்ற அறிவுரை அவருக்குக் கிடைத்திருக்கும்; பெரியபுராணம் ஒரு நாயனாரை இழந்திருக்கும்.

தாம்பரத்துத் தொடக்கநிலையாளரோ மூன்றாம் நாளே அகப்பட்டுக்கொள்கிறார். இருபடுக்கையறை வீட்டில் தனிமை என்பது குளியலறை அளவே ஆனதால், மாலை ஏழு மணிக்குக் கூடத்து மூலையில் கண்மூடி அமர்ந்திருக்கும் மகனைத் தாய் காண்பதும், பின்வருமாறு உரையாடல் நிகழ்வதும் பெரும்பாலும் தவிர்க்க இயலாதவை.

“என்னடா, உக்காந்துகிட்டே தூங்குற?”

“தூங்கலம்மா. ஒருத்தரோட பேசிக்கிட்டிருக்கேன்.”

“யாரோட? ஆம்பளையா, பொம்பளையா?”

“இன்னும் முடிவு பண்ணலம்மா.”

“என்ன வேலை பாக்குது?”

“அதுவும் முடிவாகல.”

“ரெண்டும் முடிவாகாம என்னடா பேச்சு வேண்டியிருக்கு? சரி, ராத்திரி அதுக்கும் சேத்து தோசை ஊத்தணுமா, இல்ல உனக்கு மட்டும் போதுமா?”

இந்தக் கடைசிக் கேள்வியில் கேலி இருப்பதாக மகன் கொள்வது பிழை. எத்தனை பேருக்கு மாவு எடுத்து வைப்பது என்பதைத் தவிர அந்தத் தாய்க்கு அதில் வேறு அக்கறை இல்லை. வந்தவர் உண்மையா கற்பனையா என்ற தத்துவச் சிக்கலை ஒரே நொடியில் ஒதுக்கிவிட்டு அவர் காரியத்துக்கு வந்துவிட்டார். இந்த மனநிலை மகனுக்கு வாய்க்கப் பல மாதங்கள் ஆகும்.

பேச்சு வந்துவிட்டதாகத் தோன்றும் கட்டத்தில் எழும் ஐயம் இதைவிட நுட்பமானது. வந்த பதில் துல்பாவுடையதா, அல்லது துல்பாவின் வாயில் தானே வைத்து ஊட்டியதா என்று வளர்ப்பவர் தடுமாறுகிறார். இத்தடுமாற்றம் அவருக்கு மட்டும் உரியதன்று. மார்ஜரி டெய்லர் என்னும் உளவியலாளரும் உடனாய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட 50 புனைகதை எழுத்தாளர்களில் 46 பேர், தம் கதைமாந்தர் தம்மைக் கேளாமலே பேசுவதும் நடப்பதும் போன்ற அனுபவம் ஏதோ ஓர் அளவில் தமக்கு உண்டு என்றனர். எழுத்தாளர் ஒருவர் “என் கதாநாயகி இந்த முடிவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று கூறினால் விருது கொடுக்கும் சமூகம், அதையே குரோம்பேட்டைக் கணக்காளர் ஒருவர் சொன்னால் அவருடைய அக்காவுக்கு போன் செய்கிறது. பழகப் பழக மனம் சில வேலைகளைச் சொல்லாமலே செய்யும். சைக்கிள் ஓட்டுபவர் எந்தக் காலை எப்போது மிதிப்பது என்று யோசிப்பதில்லை. தானே ஊட்டிய பதிலாக இருந்தாலும் ஊட்டிக்கொண்டே இருப்பதுதான் பயிற்சி என்பதால், பதிலின் பிறப்புச் சான்றிதழைத் தொடக்கத்திலேயே கேட்பதால் ஆவது ஒன்றுமில்லை.

முதற்சொல் எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் பலரை ஏமாற்றுகிறது. மானிடவியலாளர் தான்யா லூர்மன் சென்னை, கானா நாட்டின் அக்ரா, அமெரிக்காவின் சான் மேட்டியோ ஆகிய மூன்று ஊர்களிலும் மனப்பிளவு நோயுற்று அசரீரிக் குரல்களைக் கேட்போர் ஊருக்கு 20 பேரிடம் பேசி, உள்ளூர் மருத்துவர்களோடு இணைந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்கள் கேட்டவை பெரும்பாலும் முகமறியாதவரின் வன்மையான குரல்களாக இருக்க, சென்னையில் 11 பேர் கேட்டவை உறவினரின் குரல்களாக இருந்தன. அவை பலவும் வீட்டுவேலை செய்யச் சொல்லி ஏவின. நோயினால் கேளாமல் வரும் குரலும் பயிற்சியினால் அழைத்து வரும் துணையும் வேறு வேறு. முன்னது மருத்துவரிடம் காட்டத்தக்கது, நகைப்புக்கு உரியதன்று. ஆனாலும் உள்ளே கேட்கும் குரலுக்கும் ஊர்ப்பழக்கம் உண்டு என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது. அதனால், இமயத்து ஞானி ஒருவரை உருவாக்க மாதக்கணக்கில் பாடுபட்ட சிட்லப்பாக்கத்துப் பயிலுநருக்கு, முதன்முதலாகத் தெளிவாகக் கேட்கும் சொல் “சாப்ட்டாச்சா?” என்பதாக இருக்க வாய்ப்பு மிகுதி. பெரியம்மா பேசுவது போல இருக்கிறதே என்று அதை அவர் ஒதுக்கித் தள்ளுவார். துல்பா மனம் நொந்து திரும்பிப் போகும். காவி கட்டியிருந்தாலும் தாம்பரத்தில் வளர்ந்த துறவி சாப்பாட்டைத்தான் முதலில் விசாரிப்பார் என்பதை எதிர்பார்த்திருப்பவருக்கு இந்த இழப்பு நேராது.

கண்ணை மூடினால் இருட்டைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை என்பது இன்னொரு பொது முறையீடு. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1880இல் தம் நண்பர்களிடம் அன்றைய காலை உணவு மேசையை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னபோது, அறிவியலாளர் பலர் மனக்கண் என்ற ஒன்று இருப்பதையே அறியாதவராயிருந்தனர். இத்தன்மைக்கு நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமன் 2015இல் தனிப்பெயரே வைத்தார். இப்படிப்பட்டவர்கள் பூசலாரை விட்டுவிட்டு மயிலாப்பூருக்குப் போக வேண்டும். அவ்வூர் வாயிலார் நாயனாரும் மனத்தில் கோயில் எடுத்தவரே. ஆனால் அவர் கல்லையோ சுண்ணாம்பையோ கற்பனை செய்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. மறவாமையே அவருக்குக் கோயில், ஞானமே விளக்கு, ஆனந்தமே திருமஞ்சனம், அன்பே அமுது. படமாகப் பார்க்க வராதவர் குணமாக நினைத்தால் போதும் என்ற இந்த மாற்றுவழியைப் புறநகர் மின்ரயில் தொலைவிலேயே வைத்துக்கொண்டு, உருவம் தெரியவில்லை என்று ஒருவர் மூன்று மாதத்தில் விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

இடவசதியைப் பொறுத்தவரை, வீட்டைவிட மின்ரயிலே சிறந்தது. திரிசூலம் பக்கம் விமானமும், ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தும், ஏரியோர நகர்களில் கொசுவும் தியானத்துக்கு ஒத்துழைப்பதில்லை. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியில் ஏறினால் உட்கார இடமும், கடற்கரை வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இடையூறற்ற நேரமும் கிடைக்கும். துல்பாவிடம் மனத்துக்குள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பது பயிற்சியின் பெரும்பகுதி. சொல்வதற்கு இத்தடத்தில் பஞ்சமில்லை. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த குரோம் தோல் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லலாம். பல்லாவரம் வந்தால், 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, இது கற்கால மனிதன் செதுக்கிய கருவி என்று அறிந்த கதையைச் சொல்லலாம். அந்தக் குழியில் எத்தனையோ பேர் பார்த்தும் வெறுங்கல்லாகக் கிடந்த ஒன்று அன்றைக்குக் கோடரியானது என்று முடித்தால் துல்பாவுக்கும் ஊக்கமாக இருக்கும். வாய்விட்டே பேச விரும்புவோர் காதில் ஓர் இயர்போனைச் செருகிக்கொண்டால் போதும். தனியே பேசுபவரைப் பார்த்து இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்த காலம் போய்விட்டது. ப்ளூடூத் வந்தபின் பெட்டியில் பாதிப்பேர் காற்றோடுதான் சண்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

விடாமுயற்சியைப் பற்றிப் பேசுவோர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வது வழக்கம்; அது இங்கே உதவாது என்பதற்குக் கனடாவில் ஒரு சான்று உண்டு. டொராண்டோவில் 1972இல் ஜார்ஜ் ஓவன், ஐரிஸ் ஓவன் தம்பதியின் குழுவினர் ஃபிலிப் என்ற பெயரில், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபு ஒருவரை முழுப் பொய்யாகப் புனைந்து, அவர் ஆவியாக வருகிறாரா பார்ப்போம் என்று மேசையைச் சுற்றி அமர்ந்தனர். மாதக்கணக்கில் பயபக்தியோடு தியானம் செய்தும் ஃபிலிப் எட்டிப் பார்க்கவில்லை. சலித்துப்போய், பாட்டுப் பாடி, நகைச்சுவை பேசி, அரட்டையடித்துப் பார்ப்போம் என்று முறையை மாற்றிய பிறகே மேசையில் தட்டும் ஒலி கேட்கத் தொடங்கியது. அந்த ஒலிக்கு ஆவி காரணமா, மேசைமேல் கைவைத்திருந்தவர்கள் தம்மையறியாமல் அழுத்தியது காரணமா என்றால், பின்னதே அறிவுக்குப் பொருந்துகிறது. ஆனால் சலிப்பு வந்த பிறகும் குழுவினர் எட்டுப் பேரும் வாரம் தவறாமல் வந்தார்களே, அது அரட்டையால் ஆன காரியம்.

எஞ்சியிருப்பது வீட்டு உரிமையாளர் பிரச்சினை. கோடையில் தண்ணீர் லாரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும் குடியிருப்புகளில், “உங்க வீட்ல எத்தனை பேருங்க?” என்ற கேள்விக்கு ஒன்று என்று சொல்வதா இரண்டு என்று சொல்வதா என்பது பயிலுநரின் நம்பிக்கைக்கு வைக்கப்படும் கடுந்தேர்வு. இரண்டு என்று சொல்பவர் ஐயத்தை முற்றிலும் வென்றவர். ஒன்று என்று சொல்பவர் மாதாந்தரச் செலவை வென்றவர். துல்பா குளிப்பதில்லை என்பதால் ஒன்று என்றே சொல்லலாம் என்பது நடுநிலையான தீர்ப்பு. இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, வந்த துணை தூக்கத்தையோ வேலையையோ கெடுத்தாலும், அழைக்காத குரல் ஏதேனும் அச்சுறுத்தினாலும், டேவிட்-நீலைப் போல ஆறு மாதம் தனியாகப் போராடாமல் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794இலிருந்து இந்நகரத்தாருக்காகவே இருக்கிறது.

மற்றபடி, எத்தனை மாதமாகியும் நம்பிக்கை வரவில்லை என்று சோர்ந்திருக்கும் தொடக்கநிலையாளர் ஒரு விடுமுறை நாளில் தாம்பரத்தில் மின்ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போய், திருவள்ளூர் அல்லது அரக்கோணம் வண்டியைப் பிடித்து, ஆவடி, பட்டாபிராம் தாண்டித் திருநின்றவூரில் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. கல்லால் கட்டியது, கையால் தொடலாம். இதய நோய் உள்ளவர்கள் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று நிலையத்து வாசலில் கேட்டால், ஆட்டோக்காரர்கள் வழி சொல்வார்கள்.